இன்சீனில் இரண்டு நோன்புகள்

வெள்ளி, பிற்பகல் இரண்டு மணி

கல்கத்தாவில் ஏறியவள் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் ரங்கூனில் இறங்கிவிட்டேன். அறுபத்து நாலில் இதே ஊரிலிருந்து சென்னைக்குக் கப்பலில் போக எங்களுக்கு ஆறு நாள் ஆயிற்று. ஆறு நாளும் நான் வாந்தி எடுத்தேன், அம்மா அழுதாள். அப்போது எனக்குப் பதினைந்து வயது. இப்போது நாற்பத்தேழு. திருச்சியில் பள்ளி ஆசிரியை. ஊரின் பெயரை யாங்கோன் என்று மாற்றிவிட்டார்கள். எனக்கு அது இன்னும் நாக்கில் ஒட்டவில்லை.

விமான நிலையத்திலிருந்து நகரம் பன்னிரண்டு மைல். டாக்ஸிக்காரர் ஐந்நூறு கியாட் கேட்டார். முப்பத்திரண்டு வருடம் பெட்டிக்குள் கிடந்த என் பர்மியத்தைத் தூசி தட்டி எடுத்துப் பேரம் பேசி நானூறுக்கு இறக்கினேன். வழியெல்லாம் மனுஷர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன சிரிப்பு?" என்றேன்.

"நீங்க பேசறது நான் சின்னப் பையனா இருந்தப்போ ரேடியோவில கேட்ட நாடகம் மாதிரி இருக்கு. இப்ப யாரும் இப்படிப் பேசறதில்ல. நிறுத்தாதீங்க, பேசுங்க."

நகரத்தின் நடுவே, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு டாலருக்கு ஒரு விடுதி அறை. வெளிநாட்டுக்காரர்கள் சிநேகிதர் வீட்டில் தங்கக்கூடாது என்பது சட்டம். இல்லாவிட்டால் நேரே நான் வளர்ந்த புறநகரான இன்சீனுக்குப் போய், ஃப்ளோராவின் கட்டிலில் விழுந்திருப்பேன்.

ஃப்ளோரா என் பள்ளித் தோழி. யூதப் பெண். அவளுடைய அப்பா எஸ்ரா மாமா இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபோர்மன், என் அப்பா அதே பட்டறையில் குமாஸ்தா. குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். எஸ்ரா மாமாவின் கீழே வேலை செய்த ஃபிட்டர்கள் எல்லாம் தமிழர்கள். அதனால் அவர் வீட்டிலும் தமிழ் தண்ணீர்பட்ட பாடு.

பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியில் இருந்த பொட்டலத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அது யூத நாள்காட்டி. கல்கத்தாவில் ஒரு யூதர் நடத்தும் கேக் கடைக்குப் போய்க் கேட்டேன். கிழவர் காசு வாங்கவில்லை. எங்கள் சின்ன வயதில் வருடா வருடம் எஸ்ரா மாமாவின் தம்பி கல்கத்தாவிலிருந்து தபாலில் அனுப்புவது இதுதான். அது வருகிற வாரம் மாமா சாயந்திரம் தோறும் கேட்டில் நிற்பார். தபால்காரரிடமிருந்து நானும் ஃப்ளோராவும் பிடுங்கிக்கொண்டு ஓடுவோம். முதலில் கொண்டுபோய்க் கொடுப்பவளுக்கு உலர்திராட்சைச் சாறு ஒரு கிளாஸ். நான்தான் வேகமாக ஓடுவேன். இந்த முறையும் நானே கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு. ஃப்ளோராவுக்குக்கூடக் கடிதத்தில் சொல்லவில்லை.

சனி, காலை ஏழு மணி

நகரைச் சுற்றிவரும் வட்ட ரயிலில் இன்சீனுக்கு ஐம்பது நிமிடம். வெளிநாட்டுக்காரிக்கு டிக்கெட் ஒரு டாலர், உள்ளூர்க்காரிக்கு ஐந்து கியாட். நான் லுங்கி கட்டி, பர்மியப் பெண்களைப் போலக் கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்தை அப்பி, வாயைத் திறக்காமல் ஐந்து கியாட்டை நீட்டினேன். ரயில்வேக்காரர் மகள் செய்கிற காரியமா இது! ஆனாலும் பெட்டியில் என்னைப் பார்த்து ஒருத்தி பர்மியத்தில் "எந்த ஸ்டேஷனில் இறங்கணும் அக்கா?" என்று கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்சீன் நிலையத்தில் காதர் நானா நின்றிருந்தார். தொண்டிப் பக்கத்துக் குடும்பம். சந்தையில் பிஸ்கட்டும் கருவாடும் விற்கும் கடை. இன்று யூதர்களுக்கு ஓய்வு நாள் என்பதால் ஃப்ளோரா வீட்டில் வழிபாடு இருக்கும், வர முடியாது. அதனால் அவரை அனுப்பியிருந்தாள்.

"யா அல்லா, ஸ்டெல்லா தங்கச்சியா! எம்புட்டு வருசம்! அந்த ஒல்லிக்குச்சிப் புள்ள எங்க போச்சு?"

"அதுவும் உள்ளேதான் இருக்கு நானா. மேலே கொஞ்சம் போட்டுக்கிட்டேன்."

"கையில என்னம்மா பொட்டலம்?"

"எஸ்ரா மாமாவுக்கு இனிப்பு" என்றேன். ஏன் பொய் சொன்னேன்? கண்ணெதிரே பொட்டலத்தைப் பிரிக்கும்போது மாமா முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை, வேறு ஒன்றுமில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் காதர் நானா அங்கேயே அதை வாங்கி வைத்துக்கொண்டிருப்பார்.

சனி, காலை எட்டரை

நகரத்தின் நடுவே பழைய யூதக் கோயில் ஒன்று உண்டு. ஆனால் இன்சீனிலிருந்து ஒன்பது மைல். ஓய்வு நாளில் வண்டி ஏறக்கூடாது. அதனால் ரயில்வேயில் வேலை பார்த்த யூதக் குடும்பங்கள் சேர்ந்து வீட்டிலேயே வழிபாடு தொடங்கினார்கள். குரு கிடையாது, சம்பளக்காரர் கிடையாது. எல்லாரும் எல்லா வேலையும் செய்வார்கள். நான் சிறுமியாக இருந்தபோது முப்பது பேர் வருவார்கள். இப்போது ஏழு பேர்.

கூடத்தில் அந்தப் பலகை அப்படியே இருந்தது. பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பட்டறையில் வேலைக்கு வருபவர்கள் வாசலில் மாட்டுகிற பித்தளை வில்லைகள் இருக்குமே, கழித்துப்போட்ட வில்லைகளை எடுத்துப் பெயர் வெட்டி, எஸ்ரா மாமா செய்த பலகை அது. ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு வேலை. முன்னின்று வாசிப்பது, விளக்கு, திராட்சைச் சாறு, கூட்டிப் பெருக்குவது. ஓய்வு நாளில் எழுதக்கூடாது என்பதால் வெள்ளிக்கிழமையே யாருக்கு என்ன வேலையோ அந்த ஆணியில் அவர் வில்லையை மாட்டிவிடுவார்கள். ஓரத்தில் தனியாக ஒரு பெரிய ஆணி. வருடத்துக்கு ஒரு முறை வரும் பாவமன்னிப்பு நோன்பன்று முதல் பிரார்த்தனை சொல்பவருக்கானது. அதில் எஸ்ரா மாமாவின் வில்லை மட்டும்தான் தொங்கும், வருடம் முழுக்க.

அன்று வாசிப்பு ஃப்ளோராவின் முறை. பெண்கள் முன்னின்று வாசிப்பது எல்லா இடத்திலும் வழக்கமில்லையாம். ஆள் கிடைக்காத ஒரு வருடம் ஆரம்பித்து அப்படியே நிலைத்துவிட்டது. ஐஸ் ஃபாக்டரி நடத்தும் அண்ணன் தம்பி இருவர், அவர்கள் மனைவிகள், கண் தெரியாத ஒரு மூதாட்டி, ஃப்ளோரா, எஸ்ரா மாமா. பத்து ஆண்கள் கூடினால்தான் சொல்லக்கூடிய பகுதிகள் புத்தகத்தில் உண்டு. அந்தப் பக்கங்களை ரிப்பனால் கட்டி வைத்திருந்தார்கள். வாசித்துக்கொண்டே வந்து, ரிப்பன் வந்ததும் ஃப்ளோரா ஒரு கணம் நிறுத்துவாள், மொத்தமாகப் புரட்டுவாள், மறுபடி தொடங்குவாள். மற்றவர்களுக்கு அது பழகிவிட்டது. எனக்குத்தான் அந்தக் கட்டிய பக்கங்கள் வரும்போதெல்லாம் மனசு கனத்தது.

முடிந்ததும் எஸ்ரா மாமா என் தலையில் கைவைத்தார். எண்பத்திரண்டு வயது. அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் அவர், பர்மிய மரியாதைப்படி, ஊ எஸ்ரா. "வேலி தாண்டி ஓடி வர்ற பொண்ணு. எங்க, எனக்கு என்ன கொண்டாந்த?"

நான் பொட்டலத்தை நீட்டினேன். "இந்தத் தடவையும் நான்தான் முதல்ல, மாமா!"

அவர் பிரித்தார். ஃப்ளோராவின் கையிலிருந்த கிளாஸ் மேஜைமேல் சாய்ந்தது. கதவருகே காதர் நானா இருமினார்.

"டாடி, அப்புறம் பாத்துக்கலாம். கண்ணாடி வேற காணோம்" என்றாள் ஃப்ளோரா.

"மூக்குமேலதான் இருக்கு."

மாமா பக்கத்தைத் திருப்பினார். விரலால் ஒரு கட்டத்தைத் தொட்டார். பிறகு விரல் கணுக்களில் எண்ணத் தொடங்கினார். மறுபடியும் எண்ணினார். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், முட்டாள்.

"நோன்பு நாளைக்குச் சாயந்திரம்" என்றார் மெதுவாக. "நான் அடுத்த மாசம்னு சொல்லியிருக்கேன்." எல்லார் முகத்தையும் பார்த்தார். யார் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அதை அவர் பார்த்துவிட்டார். எழுந்து பலகைக்குப் போனார். ஓரத்துப் பெரிய ஆணியிலிருந்து தன் வில்லையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

சனி, முற்பகல் பதினொரு மணி

சந்தை முனையில் ஒரு டீக்கடை. டீ பன்னிரண்டு கியாட். காதர் நானாவின் பேரப்பிள்ளைகள் ஓடி வந்து பர்மியத்தில் என்னவோ கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் தமிழில் சொன்னார், அவர்கள் பர்மியத்தில் பதில் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் நன்றாகவே புரிந்தது. எனக்குத்தான் காலையில் நடந்தது ஒன்றும் புரியவில்லை.

"என்ன நானா செஞ்சுட்டேன் நான்?"

"ஒன் மேல என்ன தப்பு? ஒனக்குச் சொன்னவுக யாரு? வீட்டுக்கு வர்ற கடுதாசி எல்லாம், ஒன் பதிலும்தான், மொதல்ல அவரு கையில. ஃப்ளோரா எப்படி எழுதும்?"

அவர் சொன்னது இதுதான். எண்பத்தெட்டில் ஊரே கொந்தளித்தபோது தபால் நின்றுவிட்டது. கல்கத்தா நாள்காட்டி வரவில்லை. எஸ்ரா மாமா சுவரில் தொங்கிய பர்மா நாள்காட்டியை வைத்துக் கணக்குப் போட்டார். யூதர்களுக்கும் பர்மியருக்கும் மாதம் நிலாவைப் பார்த்துத்தான். பெரும்பாலான வருடங்களில் பர்மியரின் தடின்ஜூட் விளக்குத் திருவிழா வருகிற பௌர்ணமிக்கு ஐந்து நாள் முந்தியே யூதர்களின் நோன்பு வரும். மாமாவுக்கு அது மனப்பாடம். ஆனால் சூரியனோடு ஒத்துப்போக இரண்டு பேருமே சில வருடங்களில் ஒரு மாதம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். பர்மியர் சேர்ப்பது மழைக்காலத்தில், வாசோ மாதத்தை இரண்டாக்கி. யூதர்கள் சேர்ப்பது அதற்கு அப்புறம், வசந்தத்துக்கு முன்னால். அந்த வருடம் வாசோ இரண்டு. மாமா அதைக் கழிக்க மறந்தார். நோன்பு சரியாக ஒரு மாதம் தள்ளிப்போயிற்று.

"அந்த நேரம் ஊரடங்கு, தங்கச்சி. தெருவுல பட்டாளம். பதினோரு பேரு சந்து சந்தா பூந்து வந்தாக. ராத்திரி திரும்பிப் போக முடியாம அங்கனயே தரையில படுத்தாக. மறுநாள் முச்சூடும் தண்ணி பல்லுல படாம நின்னாக. ஊ எஸ்ரா இன்னைக்கும் சொல்லுவாரு, 'காதரு, என் ஆயுசுல ஒரு நாளு நான் ஆம்பளையா நின்னேன்னா அது அன்னைக்குத்தான்'னு. அடுத்த வருசம் தேங்கிக் கெடந்த தபால் எல்லாம் வந்துச்சு. ஃப்ளோரா போயி வாங்கிப் பாத்தா... நாளு தப்பு. அத எப்படிம்மா அவருகிட்டச் சொல்றது?"

சொல்லவில்லை. அன்றிலிருந்து கல்கத்தா நாள்காட்டி காதர் நானாவின் கடை விலாசத்துக்கு வருகிறது, பிஸ்கட் டின்களுக்கு நடுவே இருக்கிறது. இனி அது வராது என்று நினைத்து மாமா தம் கணக்கையே நம்பிக்கொண்டிருக்கிறார். இரண்டு நாள்காட்டியும் ஒத்துப்போகிற வருடத்தில் தொல்லை இல்லை. ஒத்துப்போகாத வருடங்களில், அதாவது தொண்ணூற்றொன்று, மூன்று, நாலு, இப்போது ஆறு, அந்த ஆறு பேரும் சரியான நாளில் காதர் நானா கடை மாடியில், கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே ரகசியமாக நோன்பிருப்பார்கள். மாமாவிடம் ஆளுக்கொரு சாக்கு. ஒரு மாதம் கழித்து அவர் சொன்ன நாளில் அவரோடு சேர்ந்து மறுபடியும் நோன்பிருப்பார்கள். கண் தெரியாத அந்த மூதாட்டி உட்பட. அவர்களுடைய புத்தாண்டும் அப்படித்தான், இரண்டு தரம். நாளைக்குச் சாயந்திரத்துக்கும் மாடியில் பாய் விரித்துத் தயாராக இருந்தது.

"இனி ரகசியம் இல்ல. ஆனா அந்தப் பெரிய ஆணியில அவரு மாட்ட மாட்டாரு போலருக்கே. அவரு நிக்கலேன்னா இவுகளும் நிக்க மாட்டாக. ஏழு பேரு கூட்டம், இதோட கலைஞ்சு போயிரும்."

டீ ஆறிப்போயிற்று. அன்பளிப்பு கொண்டு வந்தேனாம், பெரிய அன்பளிப்பு. முப்பது பேர் ஏழானதையும் தாங்கி நின்ற இடம் அது. அதைக் குலைக்கத் திருச்சியிலிருந்து ஒருத்தி வர வேண்டியிருந்தது. எனக்கு என்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஞாயிறு, பிற்பகல் நான்கு மணி

மறுநாளும் ஐந்து கியாட் டிக்கெட்தான். மழை பிடித்துக்கொண்டது. நான் போனபோது எல்லாரும் வெள்ளை உடுத்திக் கூடத்தில் இருந்தார்கள். நோன்புக்கு முந்திய சாப்பாட்டு மேஜையில் மீன் குழம்பு தொடாமல் இருந்தது. மாமா மட்டும் நாற்காலியில், கட்டம்போட்ட பழைய லுங்கியோடு.

"நேத்திலிருந்து இப்படித்தான்டீ. 'நாள் தவறினவன் எந்த வாயால மன்னிப்புக் கேக்கறது'ன்னு ஒரே வார்த்தை" என்று ஃப்ளோரா என் காதில் சொன்னாள். அவள் முகம் வீங்கியிருந்தது.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. நோன்பு தொடங்குமுன் ஒருவரிடம் ஒருவர் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். மனிதன் மனிதனுக்குச் செய்ததை மனிதன்தான் மன்னிக்க வேண்டுமாம், கடவுளிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை. சின்ன வயதில் நானும் ஃப்ளோராவும் இதை விளையாட்டாகச் செய்வோம்.

ஐஸ் ஃபாக்டரி அண்ணன்தான் முதலில் எழுந்தார். மாமா முன்னால் நின்று, "ஏழு வருசமா உங்ககிட்டப் பொய் சொல்லியிருக்கேன், ஊ எஸ்ரா. மன்னிச்சிடுங்க" என்றார். பிறகு தம்பி. பிறகு மனைவிகள். மூதாட்டியைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தார்கள். "ரெண்டு நோன்பும் எனக்குப் பிடிச்சுத்தான் இருந்தது எஸ்ரா. இந்த வயசுல எனக்கு வேற என்ன வேலை?" என்றாள் அவள். யாரோ பக்கென்று சிரித்துவிட்டார்கள்.

நான் போனேன். "மாமா, நான் முந்திக்கிட்டு ஓடி வந்திருக்கக் கூடாது" என்றேன்.

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஃப்ளோராவை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஆறு பேரும் ரெண்டு நாள் பட்டினி கெடந்தீங்க. நான் ஒரு நாள், அதுவும் தப்பு நாள். யார் யாரை மன்னிக்கறது?"

"டாடி, இன்னிக்கு முதல் பிரார்த்தனையில என்ன வருது? தவறினவங்களோட சேர்ந்து நின்னு வேண்டிக்க அனுமதி உண்டுன்னுதான வருது? உங்களுக்காக யாரும் புதுசா எழுதல. எப்பவும் இருக்கறதுதான்." ஃப்ளோரா உள்ளங்கையை நீட்டினாள். "வில்லையைக் கொடுங்க. மணி ஆகுது. மீன் ஆறுது."

மாமா பையில் கைவிட்டார். வில்லையை வெளியே எடுத்தார். அவளிடம் கொடுக்கவில்லை. தாமே எழுந்து, மெல்ல நடந்து போய், பெரிய ஆணியில் மாட்டினார். "எனக்கு வெள்ளைச் சட்டை எடுங்க" என்றார்.

சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு தட்டு. பொழுது சாய மாமா முன்னால் நின்று தொடங்கினார். குரல் நடுங்கியது, பிறகு நடுக்கம் நின்றது. ஹீப்ருவில் எனக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அந்த ராகம் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் கயிற்றுக்கட்டிலில் படுத்துக்கொண்டு வருடா வருடம் கேட்ட ராகம். அப்பா அந்த நேரத்தில் ரேடியோவை அணைத்துவிடுவார். அம்மா தாளிக்க மாட்டாள், வாசனை போகும் என்று. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நினைத்துப் பார்க்காத விஷயங்கள் அவை. நான் சுவரில் சாய்ந்து நன்றாக அழுதேன்.

செவ்வாய், காலை பத்து மணி

விமான நிலையத்துக்குக் காதர் நானா கொண்டுவந்து விட்டார். திங்கள் சாயந்திரம் நோன்பு முடிந்ததும் மாமா மூன்று கிளாஸ் திராட்சைச் சாறு குடித்தாராம்.

"அடுத்த மாசம் என்ன பண்ணப் போறாரு நானா? அவரோட அந்த நாள்?"

"கேட்டேன். ஒண்ணும் சொல்லல. மூஞ்சியப் பாத்தா மறுபடி நோம்பு பிடிப்பாரு போலத்தான் இருக்கு. அவரு பிடிச்சா இவுகளும் பிடிப்பாக. விடுற கூட்டமா அது?"

விமானம் மேலே ஏறும்போது கீழே இன்சீன் பக்கம் தண்டவாளம் மட்டும் ஒரு கோடு தெரிந்தது. என் சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் திருச்சி என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிடுகிறேன். அன்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். ஒன்று மட்டும் முடிவு செய்தேன். அடுத்த மாதம் அவர்கள் அந்த நோன்பைப் பிடிக்கும்போது நானும் பிடிப்பேன். குட்டையைக் குழப்பியவள் நான்தானே.

பிடித்தேன். ஞாயிறு சாயந்திரத்திலிருந்து திங்கள் சாயந்திரம்வரை பச்சைத் தண்ணீர் தொடவில்லை. திங்களன்று ஐந்து பீரியட், தொண்டை காய்ந்து கத்தினேன். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரர் வஞ்சிரம் வறுத்து வைத்துக்கொண்டு, "எந்தப் புனிதருக்கு இந்த நேர்ச்சை?" என்று கேலி செய்தார். நான் இன்சீன் கூடத்தை நினைத்துக்கொண்டேன். ஏழு வெள்ளை உடுப்பு, நடுவில் மாமா, கூடவே எட்டாவதாக நானும். பசி பெரிதாகத் தெரியவில்லை. பெருமையாகவே இருந்தது.

டிசம்பரில் ஃப்ளோராவின் கடிதம் வந்தது. அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு டாடி எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டாராம். தேங்காய்ப்பால் சோறு, மீன் குழம்பு, பால் சேமியா. காதர் நானாவும் வந்தார். பலகையில் புதிதாக ஒரு ஆணி அடித்திருந்தார், அதில் ஏழு வில்லைகளையும் ஒன்றாக மாட்டியிருந்தார். இந்த ஆணிக்கு என்ன வேலை என்று கேட்டால், "சாப்பிடறது" என்றாராம். "எனக்காக நீங்க எத்தனை பட்டினி கெடந்தீங்களோ, இனிமே இந்த நாள்ல அத்தனையும் சாப்பிட்டுத் தீர்க்கணும்." முதல் கவளத்தை ஒவ்வொருவர் வாயிலும் அவரே ஊட்டினாராம். பிறகு பையிலிருந்து புது வில்லை இரண்டு எடுத்தாராம், ஒன்றில் காதர், ஒன்றில் ஸ்டெல்லா. அவற்றையும் அதே ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னாராம்:

"ஸ்டெல்லாப் பொண்ணும் இந்நேரம் அங்க நல்லாச் சாப்பிட்டுக்கிட்டு இருப்பா."